வாங்குவதாகச் சொல்லி ஓட்டிய கார்கள்

கோயம்புத்தூருக்கு நான் போனது கார் வாங்க அல்ல. ஆனால் அந்த ஊரில் நான் பார்த்த எல்லோரிடமும் கார் வாங்க வந்திருப்பதாகத்தான் சொன்னேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சென்னையில் ஒரு மோட்டார் வாகன மாத இதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். எழுதியதெல்லாம் கார்களைப் பற்றி, என்னிடம் இருந்தது ஒரு பழைய ஸ்கூட்டர். வெளிநாட்டுப் பெயர் தாங்கிய பெரிய கார்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். அவற்றில் இரண்டுக்கு நடுவே கடும் போட்டி. பெயர்கள் இங்கே வேண்டாம். நான் ஓட்டியவற்றில் ஒன்று வெள்ளை, இன்னொன்று கருநீலம். அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

கம்பெனியிடம் கேட்டால் சீவிச் சிங்காரித்த வண்டியைத்தான் தருவார்கள், வாங்குகிறவனாகப் போனால்தான் உண்மை தெரியும் என்றார் ஆசிரியர். கோவையில் மில்காரர்களும் தோப்புக்காரர்களும் இந்த வண்டிகளை விரும்பி வாங்குவதாகக் கேள்விப்பட்டிருந்தார். எது நன்றாக வளைகிறது, எதில் உட்கார்ந்தால் சுகம், எது விற்கிறது என்று மூன்றையும் பார்த்து வரச் சொன்னார். எனக்கு ஒரு வேஷமும் தயாரானது. கும்பகோணம் பக்கம் அரிசி ஆலை, கோவையில் கிளை தொடங்கப் போகிறோம், குடும்பத்தோடு இங்கேயே வந்துவிடப் போகிறோம். என் மைத்துனரின் கைக்கடிகாரத்தைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ரயிலில் படுத்துக்கொண்டு என் பொய்க்கு இன்னும் இரண்டு கிளைகள் யோசித்தேன். அதில் எனக்கு ஒரு குஷிகூட இருந்தது.

மார்கழிக் குளிரில் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் ஆட்டோக்காரர் ஒருவர், "ஏனுங்க, எங்கீங்க போகோணும்?" என்று கேட்டார். சென்னையில் ஆட்டோக்காரர்களோடு சண்டை போட்டே பழகியவனுக்கு அந்த மரியாதை புதிதாக இருந்தது. மெஸ் ஒன்றில் சந்தகை சாப்பிட்டேன். இடியாப்பத்தின் தம்பி போல இருந்தது, மேலே தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றினார்கள். தண்ணீர் இனித்தது. எங்கள் தெருக் குழாயில் வரும் தண்ணீரை நினைத்துக்கொண்டு இரண்டு தம்ளர் கூடுதலாகக் குடித்தேன்.

அவினாசி சாலையில் வெள்ளைக் காரின் ஷோரூம். கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தவர் ஒரு பெண். இருபத்தைந்து வயதிருக்கும், காட்டன் சேலை, கையில் ஒரு நோட்டு. பெயர் ஸ்டெல்லா என்றார். கார் விற்பனையில் பெண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. மேனேஜர் எங்கே என்று கேட்டேன். அவர் முகம் மாறாமல், மேனேஜர் உள்ளே இருக்கிறார், வண்டியைப் பற்றிச் சொல்வது நான்தான் என்றார்.

குதிரைத்திறன், கியர் என்று நான் எதிர்பார்த்த எதையும் அவர் பேசவில்லை. முதல் கேள்வியே, பின்சீட்டில் யார் அதிகம் உட்காருவார்கள் என்பது. நான் இதற்குத் தயாராக வரவில்லை. அம்மா என்றேன். முட்டிவலி உண்டு என்றும் சேர்த்துக்கொண்டேன். அதில் பாதி உண்மை. என் அம்மாவுக்கு முட்டிவலி உண்டு. திருவல்லிக்கேணியில் இருபத்தொன்பதாம் நம்பர் பஸ்ஸின் படியைப் பிடித்துக்கொண்டு ஏறும் அம்மாவை ஒரு சொகுசுக் காரின் பின்சீட்டில் ஏற்றி உட்காரவைத்தேன்.

ஸ்டெல்லா ஒரு டேப்பை எடுத்து வந்து சீட்டின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்தார். கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்று பார்த்தார். அம்மா தன் உயரம் இருப்பாரா, குட்டையா என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டார்.

"அம்மாவுக்கு ஏறி எறங்கறதுதானுங்க முக்கியம். ஓட்டறவங்களுக்குப் புடிச்சாப் போதுமுன்னு வாங்கிப்போட்டு, அப்பறம் பெரியவங்களத் தூக்கி உக்கார வெக்கறாங்க."

அன்று மாலை தொண்டாமுத்தூர் சாலையில் வண்டியை ஓட்டிப் பார்த்தேன். ஸ்டெல்லா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கார் நேர்ச் சாலையில் சோபா மாதிரி. வளைவுகளில் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஸ்டீயரிங் பஞ்சாக இருந்தது, சக்கரம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கைக்குச் செய்தி வரவில்லை. தேங்காய் ஏற்றிய டிராக்டர் ஒன்று எதிரே வர, நான் திடீரென்று பிரேக் அடித்து வேண்டுமென்றே சோதித்தேன். ஸ்டெல்லாவின் நோட்டு கீழே விழுந்தது. பின்னால் அம்மா இருந்தால் இப்படி ஓட்டமாட்டீர்கள்தானே என்று மட்டும் கேட்டார்.

இரண்டாம் நாள் கருநீலக் கார். அந்த ஷோரூமில் டை கட்டிய ஒருவர் வழவழ காகிதத்தில் அச்சிட்ட புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, என்னோடு ஒரு டிரைவரை அனுப்பினார். அவரை ஏமாற்றுவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மேட்டுப்பாளையம் பக்கம் போனேன். வண்டி அற்புதம். நினைத்த இடத்தில் திரும்பியது, கியர் விரல் நுனியில் விழுந்தது. ஆனால் ரோட்டில் உள்ள ஒவ்வொரு கல்லையும் இடுப்பு எண்ணியது.

காரமடையில் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. அரை மணி நேரம். சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. சைக்கிளில் வந்த ஒருவர் கண்ணாடியில் கையை வைத்து உள்ளே பார்த்துவிட்டு, டிக்கியில் எத்தனை மூட்டை ஏறும் என்று விசாரித்தார். டிரைவர், ஐயா அரிசி ஆலைக்காரர், அவரையே கேளுங்கள் என்று சிரித்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு அரிசி மூட்டை எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று என்றேன். சைக்கிள்காரர் டிக்கியை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், கேட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஏற்கெனவே வாங்கி ஓட்டுகிறவர் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று வெள்ளைக் கார் ஷோரூமில் கேட்டிருந்தேன். கட்டுரைக்கு அது தேவைப்பட்டது. மூன்றாம் நாள் காலையில் ஸ்டெல்லா அதே வண்டியை எடுத்துக்கொண்டு லாட்ஜ் வாசலுக்கே வந்துவிட்டார். உடுமலைப்பேட்டையில் நாச்சிமுத்து என்கிற தேங்காய் வியாபாரி ஒரு வருடமாக அந்த வண்டியை ஓட்டுகிறாராம். இந்த முறை ஸ்டெல்லாவே ஓட்டினார். லாரிகளுக்கு நடுவே அவசரமில்லாமல், ஹாரன் அடிக்காமல். என்னைவிட நன்றாக.

வழியில் தன்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார், நான் கேட்டதால்தான். அப்பாவும் அம்மாவும் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். சர்ச் பள்ளிக்கூடத்தில் படித்து, பி.காம். முடித்து, மாலை நேரத்தில் டைப்ரைட்டிங்குக்குப் பதில் டிரைவிங் கற்றுக்கொண்டார். ஷோரூமில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆறு மாதத்துக்குள் மூன்று வண்டி விற்றால் வேலை நிரந்தரம். இரண்டு விற்றுவிட்டார்.

மூன்றாவது நான் என்று அவர் சொல்லவில்லை. நானும் ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். உடுமலைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

நாச்சிமுத்து வாசலுக்கே வந்து கைகூப்பினார். ஐம்பது வயது, வெள்ளை வேட்டி, கலகலப்பான மனிதர். காரைச் சுற்றி நடந்துகொண்டே பேசினார். சீட்டைக் குறை சொல்ல முடியாது, பழனிக்குப் போய்வந்தால் களைப்பே தெரியாது என்றார். அதற்குள் மணி ஒன்றாகிவிட்டது. சாப்பிடாமல் போகக் கூடாது என்று அவர் மனைவி உள்ளேயிருந்து சொல்லி அனுப்பினார்.

படியேறும்போது நாச்சிமுத்து ஸ்டெல்லாவிடம் சகஜமாகத்தான் கேட்டார். "அம்மிணிக்கு எந்த ஊருங்க? யாரு ஊட்டுப் புள்ள?"

ஸ்டெல்லா ஊர்ப் பெயரைச் சொன்னார். "சர்ச்சுக்குப் பக்கத்துலீங்க" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. நாச்சிமுத்து தலையை ஆட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். உள்ளே போனபோது இரண்டு இலைதான் போட்டிருந்தது, அவருக்கும் எனக்கும். ஸ்டெல்லா படியிலேயே நின்று, வெயிலில் வண்டி நிற்கிறது, நிழலில் போட்டுவிட்டு அங்கேயே இருக்கிறேன் என்றார். கொஞ்ச நேரம் கழித்து வேலைக்காரப் பெண் ஒருத்தி ஒரு தட்டை மூடி வெளியே எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன்.

எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று இன்றைக்கு எழுத முடியாது. இலையில் அரிசிம்பருப்பு சாதம், நெய், கொள்ளு ரசம், ஒப்புட்டு என்று அங்கே சொல்லும் போளி. நாச்சிமுத்து மனைவி பார்த்துப் பார்த்துப் பரிமாறினார். இல்லாத ஆலைக்கு முதலாளி நடு வீட்டில் சாப்பிட்டான். அவனை அழைத்து வந்தவர் புளியமரத்தடியில் சாப்பிட்டார். நான் ஒப்புட்டை இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன். நன்றாக இருந்தது என்பதுகூட நினைவிருக்கிறது.

திரும்பும் வழியில் பின் டயர் பஞ்சர். ஸ்டெல்லா சேலையைச் செருகிக்கொண்டு டிக்கியைத் திறப்பதற்குள் நான் ஜாக்கியை எடுத்து, அதற்கான இடத்தில் பொருத்தி, நட்டுகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டேன். கை பழக்கம். பத்து நிமிடத்தில் டயர் மாறிவிட்டது.

"மில்லுக்காரங்களுக்கு இதெல்லாம் எப்பிடீங்க தெரியும்?"

லாரிகள் வைத்திருக்கிறோம் என்றேன். அவர் நம்பினார். நம்பியதோடு, என்மேல் அவருக்கு ஒரு மதிப்பும் கூடியது போலத் தெரிந்தது. அந்த நேரத்தில்தான் நான் அடுத்த கேள்வியைக் கேட்டேன். யோசித்துத்தான் கேட்டேன். அம்மாவுக்காக வாங்குகிறேன், உண்மையைச் சொல்லுங்கள், இந்த வண்டியில் என்ன குறை, இது நிஜமாகவே விற்கிறதா?

ஸ்டெல்லா கையைத் துடைத்துக்கொண்டே டிக்கியை மூடினார். பிறகு சொன்னார். நாலைந்து பேர் ஏறினால் பின்பக்கம் அமுங்கிவிடுகிறது, வேகத்தடையில் அடிவயிறு தட்டுகிறது. இரண்டு வாடிக்கையாளர்கள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள், கம்பெனியிடமிருந்து பதில் இல்லை. விற்பனையில் கருநீலம்தான் முந்துகிறது.

"வித்ததாக் கணக்குல இருக்கற நாலு வண்டி எங்க பின்னாடி ஷெட்டுலதானுங்க நிக்குது. நீங்க கேட்டதுனால சொல்றேன். ஆனா அம்மாவுக்கு இந்தச் சீட்டு மாதிரி அதுல அமையாதுங்க. டெலிவரிக்கு முன்னாடி பின் ஸ்பிரிங்க மாத்திக் குடுக்கோணுமுன்னு எழுதி வாங்கிக்குங்க. நானும் சொல்றேன்."

லாட்ஜுக்கு வந்ததும் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன், ஒரு வார்த்தை விடாமல்.

நாலாம் நாள் ஷோரூமுக்குப் போனபோது மேனேஜரும் வந்து கைகுலுக்கினார். ஆர்டர் படிவத்தில் என் பொய்யான விவரங்களை ஸ்டெல்லா அழகான கையெழுத்தில் நிரப்பி வைத்திருந்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. வீட்டில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், இரண்டு நாளில் போன் செய்கிறேன் என்றேன். மேனேஜரின் முகம் தொங்கியது. ஸ்டெல்லா மட்டும், அம்மாவை ஒருமுறை அழைத்து வந்து உட்காரவைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், அதுதான் சரி என்றார். வாசல்வரை வந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். ஸ்டேஷனில் ரயிலுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. எதிரே எஸ்.டி.டி. பூத் இருந்தது, ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் ஒரு வாரப் பத்திரிகை வாங்கிப் படித்தேன்.

கட்டுரை வந்தது. கையாளுதலில் கருநீலம், சொகுசில் வெள்ளை, விற்பனையில் கருநீலம். ஷெட்டில் நிற்கும் நாலு வண்டிகளைப் பெட்டிச் செய்தியாகப் போட்டிருந்தோம். "ஷோரூம் பெண்ணே போட்டுடைத்த உண்மை" என்று அதற்குத் தலைப்பு. தலைப்பு நான் வைத்தது. ஊர்ப் பெயரும் இருந்தது. அந்த ஊரில் அந்த வண்டி விற்கும் ஷோரூம் ஒன்றுதான், அதில் இருந்த பெண்ணும் ஒருவர்தான். இது எனக்குத் தெரியாமல் இல்லை. எழுதும்போது நினைவுக்கு வந்தது, தள்ளிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஆசிரியர் சிரித்துக்கொண்டே என் மேஜைக்கு வந்தார். கோவை மேனேஜர் போனில் கத்தினாராம், அந்தப் பெண்ணை அன்றே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம். நம் இதழுக்கு என்ன பலம் பார் என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் என் முதுகில் தட்டினார்கள். அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு, என்னை வைத்தா பொய் சொன்னாய் என்று கேட்டார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார்.

வருத்தம் தெரிவித்து ஒரு குறிப்பு போட வேண்டும் என்று ஆசிரியரிடம் போய் நின்றேன். முடியாது என்றார். போடாவிட்டால் வேலையை விடுகிறேன் என்றபோது, நாலு வரி, கடைசிப் பக்கம், அதற்கு மேல் கிடையாது என்று இறங்கி வந்தார். எழுதினேன். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் கோவைக்கு ரயில் ஏறினேன். இந்த முறை கடிகாரம் என்னுடையது.

ஷோரூமில் மேனேஜர் என்னைப் பார்க்க மறுத்துவிட்டார். வாசல் காவலாளிதான், அம்மிணி இப்போது காந்திபுரம் பக்கம் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறார் என்றார். தேடிப் போனேன். ஒரு காலி மைதானத்தில் பழைய கார் ஒன்று குலுங்கிக் குலுங்கி வட்டமடித்துக்கொண்டிருந்தது. நடுத்தர வயதுப் பெண் ஒருவர் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். பக்கத்தில் ஸ்டெல்லா.

என்னைப் பார்த்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கி வந்தார். வாங்க என்றார். பழக்கத்தில் வந்த சொல்லாக இருக்கலாம். நான் யார், என்ன செய்தேன் என்று ஆரம்பித்தேன். தெரியும் என்றார். மேனேஜர் அந்தப் பக்கத்தை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக் காட்டினாராம்.

"நீங்க எழுதுனதுல பொய்யில்லீங்க. நாஞ் சொன்னதுதான். ஆனா ஒரு அம்மாவுக்குன்னு நெனச்சுச் சொன்னேன். ஊருக்குச் சொல்லலீங்க."

எனக்கு நிஜமாகவே அம்மா இருக்கிறார், முட்டிவலியும் நிஜம் என்று சொல்ல வாயெடுத்தேன். அது என்ன சமாதானம் என்று தோன்றியதால் நிறுத்திக்கொண்டேன். உடுமலையில் நான் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டதையும் சொல்ல நினைத்தேன். அதையும் சொல்லவில்லை. மேனேஜரிடம் பேசி வேலையைத் திரும்ப வாங்கித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அப்படி வாங்கித்தர எனக்கு என்ன வழி இருந்தது என்று தெரியவில்லை.

"வேண்டாமுங்க. உண்மையச் சொன்னதுக்கு அனுப்புனாங்க. இனிப் போனா மறச்சுப் பேசோணும். அது எனக்கு வராதுங்க."

பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். காரின் பானெட்டில் வைத்து நின்றபடியே படித்தார். எங்கள் நிருபர் வாடிக்கையாளர் என்று பொய் சொல்லி விவரங்களைப் பெற்றார், நம்பிப் பேசிய அந்த அப்பாவிப் பெண்மீது எந்தத் தவறும் இல்லை, அவருக்கு நேர்ந்த இழப்புக்கு வருந்துகிறோம் என்று எழுதியிருந்தேன். ரயிலில் நாலைந்து முறை திருத்தியது. அவர் இரண்டு முறை படித்தார். பேனா இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தேன்.

"அப்பாவிப் பெண்" என்ற இரண்டு சொற்களையும் நேராக ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே அதே அழகான கையெழுத்தில் "விற்பனையாளர்" என்று எழுதினார்.

"நான் அப்பாவி இல்லீங்க. வாங்கறவங்ககிட்ட எதச் சொல்லோணும், எதச் சொல்லக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன். இதையும் ஏமாந்துபோன புள்ளையின்னு எழுதிப்போட்டீங்கன்னா, அப்பறம் எனக்கு எங்கீங்க வேல கெடைக்கும்?"

பேனாவை மூடித் தந்தார். தாளை மடித்துத் தந்தார். கூட ஒரு வார்த்தை எதிர்பார்த்து நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் காருக்குள் போய் உட்கார்ந்து, கிளட்சை மெதுவாக விடுங்கள், வண்டி எங்கும் ஓடிப்போகாது என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றது. மூன்றாம் முறை கிளம்பியது.

அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில், ஒரு டயர் விளம்பரத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் அந்த நாலு வரி வந்தது. அப்பாவிப் பெண் என்று இருந்தால்தானே படிப்பவர்களுக்கு இரக்கம் வரும் என்று ஆசிரியர் கேட்டார். விற்பனையாளர் என்ற சொல்லைத் தொடக் கூடாது என்றேன். ஒரு பிரதியை டிரைவிங் ஸ்கூல் முகவரிக்கு அனுப்பினேன். பதில் எதுவும் வரவில்லை.